அடுத்த பிறந்தநாள் யாருக்கு?

முன்பின் தெரியாத ஒரு பெண் வெயிலில் வந்து கதவைத் தட்டி, "உங்க வீட்டுல அடுத்த பொறந்தநாள் யாருக்குங்க?" என்று கேட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் பாதிப் பேர் கேக் விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் இன்சூரன்ஸ் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண் எதற்கும் அசரமாட்டார். இரும்புக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடியே, "கேக்கும் இல்ல, இன்சூரன்சும் இல்லங்க. ஓட்டு போடறவங்க என்ன நெனைக்கிறாங்கன்னு கேக்க வந்திருக்கேன். பேரு எழுத மாட்டேன், பொறந்தநாள மட்டும் சொல்லுங்க" என்பார்.

அவருடைய பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவர் நிரப்பிய ஒரு சர்வே ஃபாரத்திலும் யார் பெயரும் இருந்ததில்லை. அவர் பெயரை மட்டும் நான் ஊருக்கெல்லாம் சொன்னால் நன்றாக இருக்காது. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த மனுஷியை நான் ஐந்து பேர் முன்னால் பொய்க்காரி என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதாக நான்கு வரி எழுதினால் எனக்கே அடுக்காது.

ஓர் ஆராய்ச்சி நிறுவனம் பினாங்கில் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தியது. மூன்றே மூன்று விஷயங்கள்: வீட்டுச் செலவு, எரிசக்திப் பாதுகாப்பு, பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு. வாக்காளர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். நான் தமிழ்க் குழுவுக்கு சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஆறு பேர், அதில் ஒருவர் அக்கா. அவருக்கு ஐம்பத்து நான்கு வயது, எனக்கு நாற்பத்தொன்று. அந்த ஆறு பேரில் என் உயிரை வாங்கியவர் அவர்தான்.

பிறந்தநாள் விஷயம் அவர் கண்டுபிடித்தது இல்லை. விதி அப்படி. ஒரு வீட்டில் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் நான்கு பேர் இருந்தால், அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவரைத்தான் பேட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறக்கிற ஆளே எப்போதும் பேசிக்கொண்டிருப்பார், அது பெரும்பாலும் வீட்டு ஆம்பளையாக இருக்கும். விதி நல்ல விதிதான். ஆனால் யார் பின்பற்றினார்கள்? மற்ற ஐந்து பேரும் கதவைத் திறந்தவரைப் பிடித்து உட்காரவைத்து மளமளவென்று முடித்துக்கொண்டு போனார்கள். நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அவர்கள் ஒரு நாளில் பத்து வீடு முடித்தால் அக்கா நான்கு முடிப்பார். பிறந்தநாள்காரி பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியிலிருந்து ஆறு மணிக்குத்தான் வருவாள் என்றால், ஆறு மணிக்கு மறுபடியும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்.

"அக்கா, நீங்க என்ன சர்வே எடுக்கறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"அவங்க வாய், அவங்க சொல்லட்டும் தங்கச்சி" என்றார். இதுதான் அவருடைய மந்திரம். எதற்கெடுத்தாலும் இதைச் சொல்லிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர் அவர். சின்னச் சின்ன சிப்புகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. "முத பார்வையில எல்லாமே நல்லாத்தான் தெரியும்லா. கொஞ்சம் அப்படியே கண்ண வச்சுக்கிட்டு இருக்கணும்" என்பார். அந்தப் பழக்கத்தை அப்படியே மனுஷர்களிடம் கொண்டுவந்துவிட்டார். யாராவது பதில் சொன்னால் உடனே டேப்லெட்டில் தட்டமாட்டார். அவர்கள் சொன்னதை அவர்களுக்கே திருப்பிச் சொல்லி, "இப்படி எழுதிக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஃபேன் சுற்றும், குக்கர் விசில் அடிக்கும், இவர் அசையமாட்டார்.

டத்தோ கெராமாட் பக்கம் ஒரு வீட்டுக்கு அவரோடு நானும் போயிருந்தேன், வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க. கணவர் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இருக்கேன்லா, என்னையக் கேளுங்க" என்றார்.

"உங்களுக்குப் பொறந்தநாள் எப்பண்ணே?"

"ஜனவரி."

"வீட்டு அக்காவுக்கு?"

"அடுத்த மாசம்."

"அப்ப நீங்க ஜனவரி வரைக்கும் ரெஸ்ட் எடுங்கண்ணே. அக்காவக் கூப்பிடுங்க."

அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கடந்த ஆறு மாதத்தில் சாப்பாட்டுச் செலவு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, மாற்றமில்லையா? கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதே செலவுதான் ஆவுது" என்றார்.

"அதே செலவுதான், மாற்றம் இல்ல. இப்படி எழுதிக்கவா?"

அந்த அம்மா சரி என்று சொல்லவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா காத்திருந்தார்.

"எழுதிக்குங்க. ஆனா இப்பல்லாம் முட்ட, மீனு வாங்கறப்ப எனக்குச் சேத்து வாங்கறதில்ல. அவருக்கும் புள்ளைங்களுக்கும் மட்டுந்தான். அதனாலதான் செலவு ஏறல."

கணவர் டிவியிலிருந்து திரும்பினார். "நீதான வயித்துக்கு ஒத்துக்கலன்ன?"

"ஆமா, சொன்னேன்" என்றார் அந்த அம்மா, அவ்வளவுதான். அந்த ஆள் டிவியை அணைத்துவிட்டார்.

அக்கா 'மாற்றமில்லை' என்பதைத்தான் தட்டினார், ஏனென்றால் பதில் அதுதான். ஆனால் கீழே கருத்துக்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். யாரும் நிரப்பாத கட்டம் அது. அதில் அந்த அம்மா சொன்ன முழு வாக்கியத்தையும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றி, திரும்ப வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்தார். வெளியே வந்ததும், "ஒரு வீட்டுக்கு முக்கா மணி நேரமா?" என்று நான் ஆடினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டு நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எரிசக்திக் கேள்வி இன்னும் கூத்து. "நாட்டின் எரிசக்திப் பாதுகாப்பு குறித்து நீங்கள் எந்த அளவுக்குக் கவலைப்படுகிறீர்கள்?" என்று யாரோ ஒரு புண்ணியவான் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருந்தார். கேள்வியை விளக்கக்கூடாது, வாசிக்க மட்டும்தான் வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் "அதாங்க, கரண்ட்டு" என்று சொல்லி ஓட்டிவிடுவார்கள். நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஒரு பாய், கடைக்கு மேலேயே வீடு. அவரிடம் அக்கா மூன்று தடவை அதே கேள்வியை ஒரு சொல் மாறாமல் வாசித்தார்.

"கரண்ட்டக் கேக்கறியா, கேஸக் கேக்கறியா?" என்றார் பாய்.

"உங்களுக்கு எப்படிப் படுதோ அப்படி எடுத்துக்குங்க பாய்."

பாய் தாடியைத் தடவினார். "நீ மூணு வாட்டி கேக்கறதப் பாத்தா பெரிய விஷயந்தான் போல. இரு, யோசிக்கிறேன். போன மாசம் ஒரு நாளு மத்தியானம் கரண்ட் போச்சு. அடுப்பு எரியுது, ஐஸ்பெட்டி செத்துப்போச்சு. மீனு, கோழி எல்லாம் உள்ள. இன்னொரு நாளு கரண்ட் இருக்கு, கேஸ் லோரி வரல. ரெண்டும் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாத எடத்துலேருந்து வர்ற சாமான நம்பித்தான் தெனமும் கடையத் தொறக்கறேன். நல்ல வேள, இத்தன நாளும் யோசிக்காம இருந்துட்டேன். ரொம்பக் கவலைன்னு எழுதிக்கம்மா."

இதைவிடத் தெளிவாக எந்தப் பெரிய மனுஷனும் இந்த விஷயத்தைப் பேசி நான் கேட்டதில்லை. பாய் சந்தோஷத்தில் தே தாரிக், அதாவது நுரை பொங்கப் பால் டீ, ஆற்றிக் கொண்டுவரச் சொன்னார். அக்கா தொடவில்லை. எந்த வீட்டிலும் எதையும் வாங்கிக் குடிக்கக்கூடாது என்று ஆபீசில் ஒரு விதி உண்டு, அதையும் இந்த ஒரு ஆள்தான் பின்பற்றினார். தோளில் தொங்கும் பையில் சொந்தத் தண்ணீர் போத்தல் இருக்கும். "ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் விருந்தாளி ஆயிடுவோம் தங்கச்சி. விருந்தாளிகிட்ட யாரு உண்மையச் சொல்லுவா? நல்லாருக்கோம்னுதான் சொல்லுவாங்க" என்று எனக்கு விளக்கம் வேறு. நான் பாய் கொடுத்த தே தாரிக்கை ரசித்துக் குடித்தேன்.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. ஃபாரம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கியது. மேலிடத்திலிருந்து எனக்கு தினமும் ஃபோன். அப்போதுதான் அக்காவின் டேப்லெட்டில் அது கண்ணில் பட்டது.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு ஃபிளாட், ஏழாம் மாடி. பேட்டி ஆரம்பித்திருக்கிறார், பாதியில் ரத்து செய்திருக்கிறார். ஆனால் அந்த வீட்டிலேயே இரண்டரை மணி நேரம் இருந்திருக்கிறார் என்று டேப்லெட் காட்டியது. அன்றைக்கு வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. இந்தத் தொழிலில் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. ஏதாவது ஒரு தெரிந்த வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பொய் ஃபாரம் நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு ஆள் அப்படி மாட்டினால் அவர் அதுவரை எடுத்த எல்லா ஃபாரத்தையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

எங்கள் ஆபீஸ் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. கீழே ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டேன்.

"ஏழாம் மாடி வீட்டுல என்னாக்கா நடந்துச்சு?"

"அங்க இண்டர்வியூ நடக்கல தங்கச்சி."

"பின்ன ரெண்டரை மணி நேரம் என்னா பண்ணீங்க?"

"உக்காந்திருந்தேன்."

"எதுக்கு?"

"அது நான் சொல்றதுக்கு இல்ல. அவங்க வாய், அவங்க சொல்லட்டும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "நல்லா ஃபேன் கெடச்சுச்சு, உக்காந்துட்டீங்க. ரூல்ஸு ரூல்ஸுன்னு என் தலையில மொளகா அரைச்சுட்டு நீங்கதான் பெரிய பொய்க்காரி. டேப்லெட்ட வச்சுட்டுக் கெளம்புங்க" என்றேன். மற்ற ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கதவைத் திறந்தவரைப் பேட்டி எடுத்தவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, விதிப்படி நடந்த ஒருத்தியை நான் விதியைக் காட்டி வெளியே அனுப்பினேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அக்கா அழவில்லை, கத்தவில்லை. தோளில் கிடந்த ஷாலின் நுனியால் டேப்லெட் திரையைத் துடைத்து மேசையில் வைத்தார். பிறகு முதல்முறையாக அவர் குரல் கெஞ்சியது. "என்னைய அனுப்பிடுங்க தங்கச்சி, பரவால்ல. ஆனா அந்த ஃபாரத்தையெல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க. அது நான் சொன்னது இல்ல. அவங்க சொன்னது. முட்டை வாங்காத அந்த அக்கா சொன்னது." அவ்வளவுதான் சொன்னார். படியிறங்கிப் போய்விட்டார்.

தூக்கிப் போடுவதற்கு முன் அந்த வீட்டுக்கு நேரில் போய் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. ஏழு மாடி ஏறி முடித்தபோது எனக்கு அக்கா மேல் இன்னும் ஆத்திரம்.

கதவைத் திறந்தவர் வாட்டசாட்டமான ஒரு மனுஷர், லோரி ஓட்டுகிறவர். சர்வே என்றதும் கம்பிக் கதவின் பூட்டை உடனே திறந்தார். "அந்த அக்கா வரலியா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவங்க வரல. அன்னிக்கு இங்க என்னா நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்ணே."

அவர் பேச வாயைத் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டார். உள்பக்கம் திரும்பி, "அம்மாடி, இங்க வா. நீ சொல்லு. ஒனக்குத்தான அடுத்த பொறந்தநாளு" என்றார்.

பத்தொன்பது வயதுப் பெண், காலேஜில் படிக்கிறாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு அக்கா வந்தபோது அப்பா, "இந்த வீட்டுல எல்லாருக்கும் ஒரே வாய்தான், அது என் வாய். என்னையக் கேளு" என்றாராம். அக்கா பிறந்தநாள் கேட்டிருக்கிறார். அவள் பதிலை அவளே சொல்லட்டும் என்று அவரைக் கீழே டீ குடிக்க அனுப்பியும் விட்டார். வீட்டுச் செலவு முடிந்தது, எரிசக்தி முடிந்தது. மூன்றாவது பகுதியில், "உங்கள் வீட்டிலுள்ள பிள்ளைகள் இணையத்தில் பாதுகாப்பாக இருக்கிறார்களா?"

"ஆமான்னு சொன்னேன்கா. அவங்க, 'ஆமா. இப்படி எழுதிக்கவா?'ன்னு கேட்டுட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அழுக வந்துருச்சு."

அவளுடைய தங்கைக்குப் பதின்மூன்று வயது. ஹேண்ட்ஃபோனில் விளையாடும் ஒரு கேமில் யாரோ ஒரு ஆள் தன்னையும் ஒரு சின்னப் பெண் என்று சொல்லிப் பழகி, இவளிடம் ஒரு படம் வாங்கிவிட்டான். பிறகு இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் இதை உன் ஸ்கூலுக்கு அனுப்பிவிடுவேன் என்று தினமும் மிரட்டல். தங்கை பெரியவளிடம் மட்டும் சொல்லி, அப்பாவிடம் சொன்னால் செத்துவிடுவேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தச் சத்தியத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு பெரியவள் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை.

"பேரு எழுத மாட்டோம், யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்னு சொன்னாங்கள்ல, அதனாலதான் அவங்ககிட்ட சொன்னேன்" என்றாள்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதற்காகப் பேசாமல் எழுந்து வரவும் முடியாது. அக்கா என்ன செய்தார் தெரியுமா? டேப்லெட்டில் ரத்து என்கிற பொத்தானை அழுத்தி, அந்தப் பெண்ணுக்குத் திரையைக் காட்டினார். "பாத்துக்கம்மா, இண்டர்வியூ அழிஞ்சு போச்சு. இப்ப நான் சர்வேக்காரி இல்ல. எனக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்றாராம்.

அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் பேச ஆரம்பித்திருக்கிறார். வந்த மெசேஜ் எதையும் அழித்துவிடாதே என்றார். அப்பாவிடம் யார் சொல்வது, நீயா, தங்கையா, நானா என்று கேட்டார். அறைக்குள்ளிருந்து சின்னவள் வந்து, நானே சொல்கிறேன், நீங்கள் போகாமல் இருங்கள் என்றாள். வேலைக்குப் போயிருந்த அம்மா வரும்வரை, கீழே போன அப்பா திரும்பும்வரை அக்கா உட்கார்ந்திருந்தார். பிறகு சின்னவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் அப்பா குறுக்கிட்டார். "நான் கையத் தூக்கிட்டேன்மா. அடிச்சிருப்பேன். அந்த அக்கா எழும்பக்கூட இல்ல. 'அவ முடிக்கட்டுங்கண்ணே'ன்னாங்க. அவ்வளவுதான். கைய எறக்கிட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கே எல்லாருமா போலீசுக்குப் போயி ரிப்போர்ட் குடுத்தோம். போலீஸ்ல கேட்டப்ப எங்க சின்னவதான் பேசுனா. நான் பக்கத்துல நின்னேன்."

அறைக்குள் சின்னவள் ஏதோ பாடத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஏழு மாடியையும் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. பொய்க்காரி என்று நான் சொன்னது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. அந்த இரண்டரை மணி நேரம்தான் எங்கள் சர்வே முழுவதிலும் நடந்த ஒரே உருப்படியான வேலை என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை அக்காவின் எல்லா ஃபாரத்தையும் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அந்த வீட்டுக்குப் போனீங்களா?" என்றார்.

"போனேன்."

"யாரு சொன்னா? அப்பாவா, பொண்ணா?"

"பொண்ணு."

"அப்ப சரி" என்று அடுத்த துணியை உதறினார்.

"மன்னிச்சிருங்கக்கா. கடைசி நாளு கிட்ட வந்துருச்சு, மேலேருந்து ஒரே பிரஷர், டேப்லெட்டுல அப்படிக் காட்டுச்சு, அதான் அவசரத்துல சொல்லிட்டேன்."

அக்கா துணியைக் கொடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவசரத்துல சொல்லிட்டீங்க. இப்படி எழுதிக்கவா?"

கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன் அவர் அப்படிச் சும்மா இருப்பதை! ஆம் என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். ஈரத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லக்கா" என்றேன் கடைசியில். "நீங்க பொய் எழுத மாட்டீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். நீங்க மட்டும் சரியா செஞ்சுக்கிட்டு இருந்தீங்க. நீங்க போயிட்டா எனக்கு நிம்மதின்னு நெனச்சேன். ஒரு சாக்கு கெடச்சுச்சு, புடிச்சுக்கிட்டேன்."

அவர் முகம் மாறவே இல்லை. "இப்படி எழுதிக்கவா?"

"எழுதிக்குங்க."

அக்கா உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலி கிளாஸை வாங்கிக்கொண்டு மறுகையை நீட்டினார்.

"டேப்லெட்டக் குடுங்க. ஏழாம் மாடி வீட்டுல இண்டர்வியூ இன்னும் நடக்கல. அந்தப் பொண்ணுக்கு ஓட்டு இருக்கில்ல?"